முற்றுகைக்குள் ஒரு வானொலி

சாகக் கிடக்கிறவரிடம் வைத்தியர் சொல்லுகிற பொய்யையும், போர்க்காலத்தில் வானொலி சனங்களுக்குச் சொல்லுகிற பொய்யையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிற வழக்கம் எம்மிடையே உண்டு. 'சனங்களின் மனம் உடையக் கூடாது. மனம் உடைந்தால் எல்லாம் போச்சு. அதற்காகத்தான் தோல்வியை மறைக்கிறார்கள், வெற்றியைப் பெருப்பித்துச் சொல்லுகிறார்கள். இதில் என்ன பிழை?' வேலை முடிந்து கடைசி ரயிலுக்காகக் காத்து நிற்கிற இரவுகளில் இந்தக் கேள்வியை நாங்கள் ஒருவரையொருவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். கேள்வி லேசானதல்ல. உயிர் தப்புவதற்கு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கைக்கு ஒரு பொய் உதவுமென்றால் அதைக் குற்றம் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

பொய் எப்போதும் பாவம் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக நாம் விரும்பவில்லை. பொய்யினால் யாருக்கு உற்சாகம் கிடைத்தது, அந்த உற்சாகத்தின் விலையை யார் கட்டினார்கள் என்று கணக்குப் பார்ப்பதே நேர்மையான வழி என்று நினைக்கிறோம். அந்தக் கணக்குக்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. நாங்கள் தஞ்சம் கேட்டு வந்து, கோப்பை கழுவிச் சீவிக்கிற இந்த ஜேர்மனியின் சரித்திரமே போதும்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலேயே 'மக்கள் வானொலி' என்ற மலிவான பெட்டி 76 மார்க்குக்கு விற்பனைக்கு வந்தது. 1938இல் அதைவிடச் சிறிய பெட்டியை 35 மார்க்குக்கு வாங்கலாம் என்றாயிற்று. தொழிலாளியின் வீட்டுக்குள்ளும் வானொலி நுழைந்தது. ஆனால் போர் தொடங்கிய 1939 செப்ரெம்பர் 1இலேயே வெளிநாட்டு வானொலி கேட்பது குற்றமாக்கப்பட்டது. கேட்ட செய்தியை இன்னொருவருக்குச் சொல்வதற்கு மரணதண்டனை வரை இடமிருந்தது. ஒரு கையால் பெட்டியைக் கொடுத்தவர்கள் மறு கையால் காதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிரசாரம் என்றதும் மேடையில் கை உயர்த்திக் கத்துகிற பேச்சுத்தான் எமக்கு நினைவுக்கு வருகிறது. ஜேர்மன் சனங்களின் மனதில் ஆழ இறங்கியதோ ஒரு நேயர் விருப்ப நிகழ்ச்சி. 1939 ஒக்ரோபரிலிருந்து 1941 மே வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிபரப்பான 'விருப்ப இசைநிகழ்ச்சி'யில், போர்முனையில் நின்ற சிப்பாய்கள் கேட்ட பாடல்கள் பேர்லினிலிருந்து பாடப்பட்டன. ஊரில் குழந்தை பிறந்த செய்தி எங்கோ தொலைவில் நின்ற தகப்பனுக்குப் பெயர் சொல்லி அறிவிக்கப்பட்டது. 1940இல் இதே பெயரில் ஒரு காதற்படமும் வந்தது. அதனை 2 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். இலங்கை வானொலியில் பிறந்தநாள் வாழ்த்தும் நேயர் விருப்பமும் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு இதன் வலிமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தன் பெயரையோ தன் ஊரின் பெயரையோ ஒருமுறை வானொலியில் கேட்டவர் அந்த வானொலியைச் சந்தேகிப்பது கடினம். அங்கே பாட்டோடு பாட்டாகச் சேர்த்து வைக்கப்பட்டது விசுவாசம். அந்தச் சேமிப்பைத்தான் பிறகு ஸ்ராலின்கிராட்டில் எடுத்துச் செலவழித்தார்கள்.

1942 நவம்பர் 8ஆம் திகதி மியூனிக்கில் பேசிய ஹிட்லர், ஸ்ராலின்கிராட் ஏறக்குறைய எங்கள் கையில் என்ற பொருள்படச் சொன்னார். 19ஆம் திகதி சோவியத் படைகளின் எதிர்த்தாக்குதல் தொடங்கியது. நாலைந்து நாட்களுக்குள் 2,50,000க்கும் மேற்பட்ட படையினர் முற்றுகைக்குள் அகப்பட்டார்கள். இராணுவத்தின் தினசரி அறிக்கையோ ஜனவரி நடுப்பகுதி வரை முற்றுகை என்று வாய்திறக்கவில்லை. நத்தார் இரவில் எல்லாப் போர்முனைகளையும் வானொலி மூலம் இணைத்து ஒரு நிகழ்ச்சி நடந்தது. அதில் ஸ்ராலின்கிராட்டிலிருந்தும் ஒரு குரல் வந்தது. அது உண்மையில் அங்கிருந்துதான் வந்ததா என்ற சந்தேகம் இன்றுவரை உண்டு. சமையலறையில் இருந்து அதைக் கேட்ட தாய்க்கு மகன் பாடுகிறான் என்ற ஆறுதல் கிடைத்திருக்கும். அந்த மகன் அப்போது குதிரை இறைச்சிக்கு அலைந்துகொண்டிருந்தான்.

1943 ஜனவரி 30ஆம் திகதி கோயரிங் வானொலியில் பேசினார். முற்றுகைக்குள் நின்றவர்களைப் பழைய கிரேக்கத்தில் தெர்மோபிலைக் கணவாயில் கடைசி ஆள்வரை நின்று மடிந்த ஸ்பார்ட்டர்களோடு ஒப்பிட்டார். முற்றுகைக்குள்ளும் வானொலிப் பெட்டிகள் இருந்தன. தங்களுடைய செத்தவீட்டுப் பேச்சைத் தாங்களே உயிரோடிருந்து கேட்கிறோம் என்று அங்கிருந்தவர்கள் கசந்துகொண்டதாகப் பதிவுகள் உள்ளன. மறுநாள் தளபதி பவுலுஸ் சரணடைந்தார். பெப்ரவரி 2ஆம் திகதி எல்லாம் முடிந்தது. 3ஆம் திகதி மேள முழக்கத்துக்கும் பேத்தோவனின் இசைக்கும் நடுவே, கடைசி மூச்சுவரை போராடி 6ஆம் படை மடிந்துவிட்டது என வானொலி அறிவித்தது. மூன்று நாட்கள் தியேட்டர்களும் படமாளிகைகளும் மூடப்பட்டன.

மடியாதவர்கள் ஏறத்தாழ 91,000 பேர். அவர்கள் சிறைப்பிடிக்கப்பட்டிருந்தார்கள்.

எமது கேள்வியின் முள் இங்கேதான் இருக்கிறது. மாவீரக் காவியத்துக்கு அவர்கள் செத்திருக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் காவியத்துக்குத் தொந்தரவு. ஆகவே சிறையிலிருந்து அவர்கள் எழுதிய கடிதங்கள் இங்கே தடுத்து வைக்கப்பட்டன. மகன் உயிரோடிருக்கிறான் என்பதைத் தாய்க்குச் சொல்லாமல் விடுவதுதான் நாட்டின் மன உறுதிக்கு நல்லது என்று ஓர் அரசு முடிவெடுத்தது. மொஸ்கோ வானொலி கைதிகளின் பெயர்களை வாசித்தபோது, தண்டனைக்குப் பயந்தபடியே அதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்ட பெயர்களை முன்பின் தெரியாத குடும்பங்களுக்கு மொட்டைக் கடிதமாக எழுதி அறிவித்தவர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்து ஜேர்மனியில் செய்தியாளர் என்ற சொல்லுக்கு உரியவர்கள் இவர்களே. சிறைப்பட்ட 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் ஏறத்தாழ 6,000 பேர்தான். திரும்பாதவர்களின் கடிதங்கள்தான் அவர்களுடைய கடைசிச் சொற்கள். அவற்றையும் காவியம் தின்றுவிட்டது.

வைத்தியரின் பொய்க்கும் இந்தப் பொய்க்கும் உள்ள வித்தியாசம் இப்போது தெரிகிறது. வைத்தியரின் பொய்யில் ஆறுதல் பெறுகிறவரும், உண்மை தெரியாமல் இழப்பவரும் ஒரே ஆள். போர்க்காலப் பொய்யிலோ ஆறுதல் பெறுகிறவர் ஒருவர், விலை கட்டுகிறவர் வேறொருவர். வைத்தியர் நோயாளியின் கட்டிலருகில் நிற்கிறார். கோயரிங் பேர்லினில் நின்று பேசினார்.

பொய்யாவது பலித்ததா என்றால், நாஜி உளவுப்பிரிவு சனங்களின் மனநிலை பற்றித் தயாரித்த இரகசிய அறிக்கைகளே வேறு கதை சொல்கின்றன. சனங்கள் பத்திரிகையை விட்டு வதந்தியை நம்பினார்கள். விடுமுறையில் வந்த சிப்பாயின் வாயைப் பார்த்தார்கள். 'முன்னரங்கை நேராக்கினோம்' என்று அறிவித்தால் பின்வாங்கிவிட்டார்கள் என்று விளங்கிக்கொள்ளப் பழகினார்கள். ஆனால் இங்கு கதை முடியவில்லை. ஸ்ராலின்கிராட் அறிவித்தல் வந்து 15 நாட்களில், தெரிவுசெய்யப்பட்ட கூட்டத்தின் முன் நின்ற கோயபல்ஸ், நிலைமை ஆபத்தானது என்று வெளிப்படையாகவே சொன்னார். சொல்லிவிட்டு, முழுமையான யுத்தம் வேண்டுமா என்று கேட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. உற்சாகப் பிரசாரம் பயப் பிரசாரமாக மாறியது. போரில் மடிந்த ஜேர்மன் படையினரில் ஏறத்தாழப் பாதிப்பேர் கடைசிப் பத்து மாதங்களில் மடிந்தவர்கள்.

ஆகவே உண்மையைச் சொன்னாலும் பிரசாரம் பிரசாரந்தான். கேட்பவர் தானாகச் சிந்தித்து ஒரு முடிவுக்கு வரட்டும் என்று சொல்லப்படுவது செய்தி. முடிவை முன்னரே எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குத் தலையாட்ட வைப்பதற்காகச் சொல்லப்படுவது பிரசாரம். படிப்பைப் பாதியில் விட்டு வந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தியது எந்தத் தத்துவ நூலுமல்ல, குசினிதான். மீன் முடிந்துவிட்டால் குசினியிலிருந்து உடனே பரிமாறுகிறவருக்குச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் அவர் இன்னும் பத்து நிமிடம் சிரித்த முகத்தோடு ஓடர் எடுப்பார். பிறகு வெறுங்கையோடு மேசைக்கு முன்னால் போய் நிற்கப்போகிறவரும் அவர்தான், மறைத்தவரல்ல.

எதிர்த்தரப்பு சத்தியசந்தர்களாக இருந்தது என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. 1940 ஜூன் 17இல் 'லங்காஸ்ரியா' கப்பல் குண்டுவீச்சில் மூழ்கி ஆயிரக்கணக்கானோர் இறந்ததைப் பிரித்தானிய அரசு ஐந்து கிழமைகளுக்கு மேலாக மறைத்தது. ஆனால் 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபோது அதைச் சேர்ச்சிலே தன் வாயால் வானொலியில் சொன்னார். கேட்ட சனங்கள் உடைந்துபோகவில்லை. கெட்ட செய்தியைத் தாங்குகிற வலு சனங்களுக்கு உண்டு. அந்த வலுவை நம்பாதவர்கள் பெரும்பாலும் தலைவர்களே.

இனி எங்கள் கதைக்கு வருவோம். 2009இன் முதல் ஐந்து மாதங்களை மறந்தவர் எம்மில் இல்லை. அரசு அதனை மனிதாபிமான நடவடிக்கை என்றது. பொதுமக்களுக்கு இழப்பே இல்லை என்றது. வன்னிக்குள் இருப்பவர்கள் 70,000 பேரளவில்தான் என்றது. முடிவில் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டவர்கள் 2,80,000 பேரளவில். குசினியில் நிற்கிறவர்களுக்குத் தெரியும்: தலைக்கணக்குத்தான் அரிசிக்கணக்கு. 70,000 என்ற அந்த எண் தெற்கிலுள்ள சனங்களின் மனச்சாட்சியைத் தூங்கவைத்தது மட்டுமல்ல, வன்னிக்குள் போகிற உணவையும் மருந்தையும் குறைத்தது. இழப்பே இல்லாமல் இருந்திருக்க முடியாது என்று அரசே 2011இல் ஓர் அறிக்கையில் ஒத்துக்கொண்டது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று ஐ.நா. நிபுணர் குழு அதே ஆண்டு எழுதியது.

எங்கள் பக்கத்தில் ஒலித்த சொல் 'தந்திரோபாயப் பின்வாங்கல்'. முன்னரங்கை நேராக்கிய ஜேர்மன் அறிக்கைக்கு இந்தச் சொல் உடன்பிறப்பு. கிளிநொச்சி விழுந்த பிறகும், முல்லைத்தீவு விழுந்த பிறகும், ஏதோ ஒரு பெரிய திட்டம் இருக்கிறது என்ற பேச்சு புலம்பெயர்ந்த நாடுகளில் ஓயவில்லை. ஆனால் அந்தப் பேச்சு ஒலித்த இடங்களில் ஷெல் விழவில்லை. தொலைவிலிருப்பவரின் உற்சாகத்துக்கு அவரிடமிருந்து விலை கேட்கப்படுவதில்லை. அது மணலில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தவரின் கணக்கில் எழுதப்படுகிறது.

ஜேர்மனியில் உயிரோடிருந்தவர்களைக் காவியத்துக்காகச் செத்தவர்களாக்கினார்கள். எங்களிடம் அது தலைகீழாக நடந்தது. புலிகளின் சர்வதேசப் பொறுப்பாளராக இருந்தவரே 2009 மே 24இல் தலைவரின் மரணத்தை அறிவித்த பிறகும், அவர் இருக்கிறார், வருவார் என்ற குரல்கள் அடங்கவில்லை. 2023 பெப்ரவரியில் தஞ்சாவூரில் பழ. நெடுமாறனும் அவ்வாறே அறிவித்தார். நம்பிக்கைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. இறந்தவரை இறந்தவர் என்று சொல்லி அழ முடியாத ஒரு சமூகம், எங்கே பிழைத்தோம், யாரை இழந்தோம், இனி என்ன செய்வது என்ற கேள்விகளையும் சேர்த்தே ஒத்திவைக்கிறது. அதே நேரத்தில், கண்முன்னே கையளித்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் குந்தியிருக்கத் தொடங்கினார்கள் தாய்மார். ஒருவர் பின் ஒருவராகப் பலர் பதில் தெரியாமலே செத்துவிட்டார்கள். இந்தத் தாய்மார் எவரிடமும் உற்சாகம் கேட்கவில்லை. இருக்கிறானா, இல்லையா என்று மட்டுமே கேட்டார்கள். ஸ்ராலின்கிராட் கைதியின் தாயிடமிருந்து தடுத்துவைக்கப்பட்ட கடிதமும் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

பொய் சொல்கிறவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வீட்டுக்குப் போக முடியாது. போர்க்கால வானொலியும் ஒருவகையில் நேயர் விருப்பந்தான். கேட்பவர் வெற்றிப் பாட்டையே கேட்டால் ஒலிபரப்பாளர் அதையே போடுவார். வேறு பாட்டுப் போடுகிறவரைத் துரோகி என்று சொல்வதற்கும் நேயர்களே முன்வருவார்கள். சனங்களின் மன உறுதி என்று நாம் பெரிதாகப் பேசுவது பல வேளைகளில், கெட்ட செய்தி எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வராமலிருக்கவேண்டும் என்ற விருப்பந்தான்.

இன்றைக்கும் உலகில் போர்கள் நடக்கின்றன. பெட்டி மாறிக் கைக்குள் அடங்கிவிட்டது, அவ்வளவுதான். யாருடைய செய்தியை நம்புவது என்று இளையவர்கள் எங்களைக் கேட்கிறார்கள். எங்களிடம் ஓர் அளவுகோல் உண்டு. சொல்லப்படுவதை முற்றுகைக்குள் இருப்பவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதே சொற்களைச் சொல்ல முடியுமா? அதைக் கேட்டு அவர் தன் பிள்ளையை எந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு ஓடுவது என்று முடிவெடுக்க முடியுமா? முடியுமென்றால் அது எவ்வளவு கசப்பாக இருந்தாலும் செய்தி. முடியாதென்றால் அது எங்களுக்காகப் போடப்பட்ட பாட்டு.