உயிரோடு இருக்கும்போதே திருத்துங்கள்

அண்ணன்மாரே, தம்பிகளே, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியை இன்றைக்கே வெளியே இழுங்கள். மூடியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் உங்கள் நம்பர், ராங்க், பெயர் மூன்றும் இருக்கும். ரயிலில் பெட்டி மாறிவிடக் கூடாதே என்று அதை எவ்வளவு கவனமாக எழுதினோம்! இப்போது அதற்குள்ளிருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பிபிஓ என்கிற பென்ஷன் உத்தரவையும் எடுங்கள். உங்கள் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் அவற்றில் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். பக்கத்தில் அவருடைய ஆதார் அட்டையை வையுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் நல்லது. இல்லையென்றால், தயவுசெய்து இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடாதீர்கள்.

நான் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவன். கல்யாணம் முடித்து லீவிலிருந்து திரும்பும் ஜவான், அதைப் பார்ட் டூ ஆர்டர் என்கிற பதிவு உத்தரவில் ஏற்ற என் மேஜை முன் வந்து நிற்பான். "சம்சாரம் பேர் என்ன?" என்பேன். "பாப்பா, சாப்" என்பான். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவனுக்கும் அதுதான் வாயில் வரும். பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் கன்னியம்மாள் என்று இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. பிறந்த தேதி கேட்டால், "இருபது வயசு இருக்கும்" என்று தலையைச் சொறிவான். கணக்குப் போட்டு ஒரு வருடத்தை எழுதி, ஜூலை 1 என்று முடித்துவிடுவேன். எழுதியவர் வடநாட்டுக்காரராக இருந்தால் ழகரம் தப்பிக்காது. எழிலரசி எலிலரசி ஆகிவிடுவாள். நம்முடைய இனிஷியல் பழக்கம் வேறு. கே. முனுசாமி ஒரு காகிதத்தில் முனுசாமி கே, இன்னொன்றில் கன்னியப்பன் முனுசாமி. அன்றைக்கு இவையெல்லாம் சின்ன விஷயம் என்று நினைத்தேன். அது தவறு. எத்தனை குடும்பங்களுக்கு அந்தத் தவறைச் செய்தேனோ தெரியவில்லை. அதனால்தான் இப்போது வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். கணவர் இறந்து நான்கு மாதம். பிபிஓவில் பாப்பா, ஆதாரில், ரேஷன் கார்டில், வங்கிப் புத்தகத்தில் கன்னியம்மாள். காகிதத்தின் கணக்குப்படி அது இரண்டு பெண்கள். நாற்பது வருடம் அவரோடு குடித்தனம் செய்தவர், "அந்தப் பாப்பா நான்தான்" என்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சாட்சிக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. ஒரு காகிதம் சேர்ந்தால் இன்னொன்று குறையும். பென்ஷன் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை மூத்த மகளின் வீட்டில், மருமகன் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டார். கணவர் இருந்தபோது ஒரு விண்ணப்பம் எழுதி அடியில் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் அத்தனையும் தேவைப்பட்டிருக்காது. "இவள்தான் என் மனைவி" என்று அவர் சொல்வதைவிடப் பெரிய சாட்சி எது?

"இத்தனை நாள் இப்படியேதானே போச்சு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு பென்ஷனை வங்கி கொடுத்தது. ஆவடியிலோ அம்பத்தூரிலோ கவுன்டரில் இருந்தவருக்கு உங்கள் முகம் தெரியும், ஓர் எழுத்து முன்பின் இருந்தாலும் விட்டுவிடுவார். இன்று பென்ஷன் ஸ்பர்ஷ் என்கிற கணினித் தளம் வழியாக வருகிறது. அதற்கு உங்கள் முகம் தெரியாது. எழுத்தைத்தான் ஒப்பிடும். 1965-இல் விஜயந்தா டாங்கி உருவான ஊர் நம் ஆவடி. டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்: உதிரிபாகத்தின் நம்பரில் ஓர் இலக்கம் மாறினால் வேறு பாகம்தான் வந்து நிற்கும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்றவர் இறந்தால், 7 வருடம் வரை, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள் வரை, இதில் எது முந்தியதோ அதுவரை கடைசிச் சம்பளத்தில் பாதி குடும்ப ஓய்வூதியம். பிறகு 30 சதவீதம். மனைவிக்கு 80 வயது நிறைந்தால் அதன் மேல் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50. நூறு வயதில் முழு மடங்கு. குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமான 9,000 ரூபாயில் 20 சதவீதம் என்றால் மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் அகவிலை நிவாரணம். நான் போட்டேனே ஜூலை 1, அந்தத் தேதியில் வருடத்தை மூன்று கூட்டி எழுதியிருந்தால், கிழவிக்கு 80 ஆகியும் மூன்று வருடம் அந்தப் பணம் வராது. மருந்துக்கு ஆகும் பணம் அது.

வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் இன்னும் அவசரம். பெற்றோருக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழியிருக்கிறது. பெயரே பதிவில் இல்லாவிட்டால் அதை யார் போய்ப் பேசுவார்கள்? ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று பிள்ளையின் குறையை மறைத்த அப்பாக்களை எனக்குத் தெரியும். அந்த வெட்கத்தை விடுங்கள். நீங்கள் போன பிறகு அதன் தட்டில் சோறு விழ வேண்டும்.

என்ன செய்வது? டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ, இருவரின் ஆதார், மனைவியின் பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றோ இருந்தால் அதுவும், நகல் எடுங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் போடுங்கள். உங்கள் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு விண்ணப்பம் எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக், விமானப் படைக்கு டெல்லி. அங்கே பதிவு திருந்திய பிறகுதான் பிபிஓவில் திருத்தம் வரும். ஸ்பர்ஷில் மட்டும் மாற்றிவிட்டு ரெக்கார்ட் ஆபீஸை விட்டுவிடாதீர்கள். வேர் அங்கே இருக்கிறது. எழுதத் தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அம்பத்தூர்க்காரர்கள் 2018 முதல் சென்னை மாவட்டம்; ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். மாறிப்போய் ஒரு நாளைத் தொலைக்காதீர்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பெட்டியில் போடுங்கள். "நான் முடித்துத் தருகிறேன்" என்று வரும் புரோக்கருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். போனில் ஓடிபி கேட்பவனுக்குப் பதிலே சொல்லாதீர்கள்.

உண்மையைத் தவிர வேறெதையும் எழுதாதீர்கள். தப்பான பெயரைத் திருத்துவது வேறு, வசதிக்காக வயதை மாற்றுவது வேறு. முதல் மனைவி இருக்க, இன்னொருவர் பெயரை நுழைப்பது இரண்டு பெண்களையும் நடுத்தெருவில் நிறுத்தும் செயல். அதற்கு என்னிடம் உதவி கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பினேன், இனியும் அனுப்புவேன்.

உங்கள் சொந்தப் பிறந்த தேதி விஷயம் கடினமானது என்பதையும் மறைக்கவில்லை. தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே. சிங்குக்கே ராணுவத்தின் ஒரு பிரிவில் பிறந்த வருடம் 1950, இன்னொரு பிரிவில் 1951 என்று இருந்தது. பதவியில் இருக்கும்போதே அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2012 பிப்ரவரி 10 அன்று மனுவைத் திரும்பப் பெற்றார். அதே வருடம் மே 31-இல் ஓய்வுபெற்றார். இளம் வயதில் திருத்த வேண்டியதைத் திருத்தாமல் விட்டால் அது கல்லாக இறுகிவிடும். இப்போது பட்டாளத்தில் இருக்கும் தம்பிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். லீவுக்கு வந்ததும் கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். பெண்ணின் பெயரைச் சான்றிதழில் உள்ளபடி எழுதிக்கொண்டு போய், பார்ட் டூ வெளியானதும் நீங்களே ஒருமுறை படியுங்கள்.

காகிதத்தையும் காப்பாற்றுங்கள். 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவப் பதிவகம் தீப்பிடித்து 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. கையில் நகல் வைத்திருந்தவர்களுக்கு அது கைகொடுத்தது. நமக்குத் தீயைவிடத் தண்ணீர் பயம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று அம்பத்தூர் எஸ்டேட் மூழ்கியதையும் மறந்துவிட்டோமா? டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்க வேண்டிய பொருள் இல்லை. பரணில் ஏற்றுங்கள்.

அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். குறையுள்ள விண்ணப்பத்தைத் திருப்பும்போது எல்லாக் குறையையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாகக் கேட்காதீர்கள். எதிரில் நிற்கும் அம்மா பட்டாபிராமிலிருந்து இரண்டு பஸ் மாறி, முட்டிவலியோடு வந்திருப்பார். பிள்ளைகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஸ்பர்ஷைத் திறந்து காட்டுங்கள். அவருக்குப் போனில் எழுத்துத் தெரியாது என்று சொல்லக் கூச்சம்.

"சாவைப் பற்றி இப்போதே என்ன பேச்சு?" என்று கோபப்படுகிற அண்ணன்மார் உண்டு. அண்ணே, எல்லைக்குப் போவதற்கு முன்பு இருபது வயதில் உயில் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நாம். அப்போது கை நடுங்கவில்லை.

சமையல்கட்டில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் உட்காரவையுங்கள். அவருடைய முழுப்பெயர் என்ன, எந்த வருடம் பிறந்தார் என்று கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும்.