அனுப்பிவிடுங்கள்

அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நள்ளிரவுக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான்: ஆம்புலன்ஸ். மறதிநோய் முற்றிய மூதாட்டிக்கு மூச்சு இரைக்கிறது. மருத்துவர் கட்டடத்தில் இல்லை. தொலைபேசியில் கிடைப்பவரோ அந்த அம்மாளைப் பார்த்தே இராத டியூட்டி டாக்டர். "அனுப்பிவிடுங்கள்" என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி, விடிவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

அதன்பிறகு ஸ்ட்ரெச்சர், எமர்ஜென்சி வார்டின் வெளிச்சம், நரம்பு தேடும் ஊசி. எங்கே இருக்கிறோம் என்று புரியாதவர் ட்ரிப்ஸ் குழாயைப் பிடுங்குவார். சில இடங்களில் கையைக் கட்டிவிடுவார்கள். பொறுமையாக ஊட்டிவிடும் பழகிய ஆள் பக்கத்தில் இல்லாததால் சாப்பாடும் இறங்காது. நிமோனியா தணிந்தாலும், இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பு பலருக்குத் திரும்புவதில்லை.

நோயின் போக்கே இதுதான் என்று விட்டுவிடலாமா? 2011இல் வெளியான ஓர் ஆய்வு அப்படி விடவில்லை. 2000 முதல் 2007 வரை இறந்த, நினைவாற்றல் மிகவும் குன்றிய இல்லவாசிகள் ஏறத்தாழ 4,75,000 பேரின் பதிவுகளை அது அலசியது. கடைசி 3 நாள்களில் இடமாற்றம், கடைசி 90 நாள்களில் திரும்பத் திரும்ப அட்மிஷன் போன்ற அலைக்கழிப்புக்கு ஆளானவர்கள் 19 சதவீதம். அலாஸ்காவில் இது 2.1 சதவீதம், லூசியானாவில் 37.5. மறதிநோய் மாநில எல்லை பார்த்து வருவதில்லையே!

பணத்தையும் பார்க்க வேண்டும். இல்லத்தில் நெடுநாள் தங்கும் பலருக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் பணம் கட்டுகிறது. அது குறைவான தொகை. ஆஸ்பத்திரிச் செலவு முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேருடையது. உள்நோயாளியாக 3 நாள் இருந்துவிட்டுத் திரும்பி, தேர்ந்த செவிலியர் கவனிப்பு தேவை என்றானால், மெடிகேர் 100 நாள் வரை கூடுதல் விகிதத்தில் இல்லத்துக்குக் கொடுக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பினால் இல்லத்துக்கு நஷ்டமில்லை, அவ்வளவுதான்.

எல்லாப் பயணமும் வீண் என்பதல்ல. இடுப்பெலும்பு முறிந்தால் வலிக்காகவாவது போகத்தான் வேண்டும்.

சரி, குடும்பத்தார் விரும்புவது என்ன? பாஸ்டன் பகுதி இல்லங்களில் முற்றிய மறதிநோயாளிகள் 323 பேரை 18 மாதம் தொடர்ந்த ஆய்வு 2009இல் வந்தது. பாதிக்கு மேற்பட்டோர் அதற்குள் இறந்தார்கள். அம்மாவுக்கு வேதனை இல்லாமல் இருந்தால் போதும் என்றே குடும்பத்தார் அநேகமாக எல்லாரும் சொன்னார்கள். ஆனால் இனி எவ்வளவு காலம் என்பதை மருத்துவர் வாயால் கேட்டவர்கள் 18 சதவீதம்தான். நிலைமை புரிந்த குடும்பங்களில் கடைசி மாதங்களின் அலைச்சல் வெகுவாகக் குறைந்திருந்தது.

1991இல் ஓரிகனில் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்தது, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பதியும் போல்ஸ்ட் என்ற இளஞ்சிவப்புப் படிவம். மருத்துவர் கையெழுத்திட்ட உத்தரவு என்பதால் ஆம்புலன்ஸ்காரரும் அதற்குக் கட்டுப்படுவார். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும், இல்லத்தில் சேர்க்கும் நாளில் நீட்டப்படும் காகிதக் கட்டோடு அதிலும் ஒரு கையெழுத்து என்றானால் பயனில்லை. அம்மா ஓரளவு நன்றாக இருக்கும் ஒரு பகல் வேளையில், அடுத்த காய்ச்சலுக்கு என்ன செய்வது என்று மருத்துவரும் மகளும் உட்கார்ந்து பேச வேண்டும். மகள் மனத்தில் ஓடுவது ஒன்றுதான்: 'ஆஸ்பத்திரி வேண்டாம் என்றால் அம்மாவைக் கைவிட்டதாகுமா?' மாத்திரையாக ஆன்டிபயாட்டிக், ஆக்சிஜன், மூச்சுத்திணறலைத் தணிக்கக் கொஞ்சம் மார்ஃபின், இவற்றையெல்லாம் அந்தக் கட்டிலிலேயே கொடுக்க முடியும் என்று எத்தனையோ மகள்களுக்கு யாரும் சொன்னதில்லை.