பெயர் தெரியாத முகங்கள்



நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளின் மாதம். 2ஆம் திகதி சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளைத் துப்பரவாக்கி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி வருவோம். அன்று மாலை, அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கும் பழைய குடும்ப அல்பத்தையும் ஒருமுறை எடுத்து விரியுங்கள். அப்புவைத் தெரியும், ஆச்சியைத் தெரியும். ஆச்சியின் கதிரைக்குப் பின்னால் கோட்டுடன் நிற்கும் இளைஞன் யார்? முதல்நன்மை உடையில் மெழுகுதிரி ஏந்தி நிற்கும் சிறுமி யார்? பிரேதப் பெட்டியைச் சுற்றி எடுத்த படத்தில், தலைமாட்டில் நின்று அழுகிற பெண் யார்?

"ஆரோ ஒரு சொந்தக்காரர்" என்று சொல்லித் தாளைப் புரட்டிவிடுகிறோம். அந்த ஆரோ ஒருவருக்கும் ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் இடப்பட்டது. அப்பெயரைச் சொல்லி அவருடைய ஆத்துமாவுக்காகச் செபிக்க இன்று வீட்டில் ஒருவருமில்லை.

எங்கள் குடும்பங்களில் அல்பம் மிஞ்சியதே பெரிய காரியம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும், 2009இல் வன்னியிலும், எத்தனையோ வீடுகளில் அது வீட்டோடு போயிற்று. உங்களிடம் ஒன்று தப்பியிருந்தால், அதிலுள்ளவர்களின் பெயர்களும் தப்பவேண்டாமா? அவற்றை அறிந்த பெரியம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். நத்தாருக்குக் கேட்கலாம் என்று வைத்திருக்க வேண்டாம்.

ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள், கிழிந்துவிடும். தானாகக் கழன்ற படமானால் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்ரூடியோவின் முத்திரையோ திகதியோ இருக்கக்கூடும். பெயரை மெதுவான பென்சிலால் எழுதுங்கள். பேனை மை ஊறும். ஞானஸ்நானப் படத்தில் பிள்ளையை ஏந்தி நிற்பவர் ஞானத்தாயாக இருக்கலாம். ஞானப் பெற்றோரின் பெயரைப் பங்கு ஏட்டில் எழுதவேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563இலேயே கட்டளையிட்டது. அந்த ஏடு அழியாமல் இருந்தால் பங்குக் குருவானவர் பார்த்துச் சொல்வார். நிச்சயமில்லாத பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். வெறுமையாய் விடுவது மேல்.

இன்னொன்று உண்டு, சொல்லக் கசக்கும். சில படங்களில் ஒரு முகம் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருக்கும். அல்லது விரலை வைத்துக் கேட்டால் பெரியம்மா, "அவளை விடு" என்பார். காணிச் சண்டையாயிருக்கும், சீதனச் சண்டையாயிருக்கும், வேறு சாதியில் கலியாணம் முடித்த குற்றமாயிருக்கும். சாதி பார்த்து முகத்தை வெட்டிய அதே கையை நீட்டியா நற்கருணை வாங்கினோம்? அர்ச். மத்தேயு யேசுவின் வம்சத்தை எழுதும்போது தாமாரை விடவில்லை, ராகாபை விடவில்லை, பிற இனத்தவளான ரூத்தை விடவில்லை. தாவீதின் பாவத்தை மறைக்காமல் உரியாவின் மனைவியையும் சேர்த்தே எழுதினார். ஆண்டவருடைய குடும்ப அல்பத்தில் அவர்களுடைய முகங்கள் வெட்டப்படவில்லை. பெரியம்மாவிடம் இன்னொருமுறை பொறுமையாகக் கேளுங்கள். அழுதால் அழட்டும். "அவளுக்கு என்ன பெயர், பெரியம்மா?" என்று மட்டும் கேளுங்கள்.

எவ்வளவு தேடினாலும் சில முகங்களுக்குப் பெயர் கிடைக்காது. நான்காம் நற்கருணை மன்றாட்டில் திருச்சபை, இறைவன் ஒருவருக்கே தெரிந்த விசுவாசத்துடன் மரித்தவர்களையும் நினைவுகூருகிறது. ஆகையால் இந்த மாதம் திருப்பலிக்குப் பெயர் கொடுக்கும்போது, அப்பு ஆச்சியின் பெயருக்குக் கீழே "எங்கள் அல்பத்தில் உள்ளவர்கள்" என்றும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். குருவானவர் விளங்கிக்கொள்வார்.