திறக்க மறுக்கிறதா? திறக்க வை!

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஃபயர்பாக்ஸ் உலாவியைச் சொடுக்குகிறாய். வரவில்லை. மறுபடி சொடுக்குகிறாய். "ஃபயர்பாக்ஸ் ஏற்கெனவே இயங்குகிறது, ஆனால் பதில் தரவில்லை" என்று ஒரு சிறு பெட்டி எழுகிறது. உடனே நீ சொல்வது என்ன? "எனக்கு இதெல்லாம் வராது!"

நிறுத்து! அந்தச் சொல்லை இன்றோடு விட்டொழி! கோளாறு என்றால் காரணம் இருக்கும். காரணத்தைத் தேட உனக்குக் கண் இருக்கிறது, கை இருக்கிறது, அறிவு இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

முதலில் அந்தப் பெட்டியைப் படி. விடை அதிலேயே இருக்கிறது. முன்பு நீ மூடிய உலாவி திரையிலிருந்து போய்விட்டது; நினைவகத்திலிருந்து போகவில்லை. உன் அமைப்புகள் இருக்கும் புரொஃபைல் கோப்புறையை அது இன்னும் பிடித்துவைத்திருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். அங்கே ஃபயர்பாக்ஸ் என்று இருப்பதையெல்லாம் முடித்துவிட்டு மறுபடி திற. பெரும்பாலும் இதிலேயே வழி பிறக்கும்.

பிறக்கவில்லையா? துவளாதே! ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே ஃபயர்பாக்ஸைத் திற. நீட்சிகள் இல்லாமல் கிளம்பும். அப்படித் திறந்தால், குற்றவாளி ஏதோ ஒரு நீட்சியாக இருக்கலாம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார், பிடிபடும்.

அதற்கும் அசையவில்லையா? "அழித்துவிட்டு மறுபடி நிறுவு" என்பார்கள். அவசரப்படாதே! உன் புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் அமைப்புகளும் புரொஃபைல் என்ற தனிக் கோப்புறையில் இருக்கின்றன. உலாவியை நீக்கினாலும் அது பொதுவாக அப்படியே கிடக்கும். பழுது அதற்குள் இருந்தால், பத்து முறை நிறுவினாலும் பத்து முறையும் திரும்பி வரும். வேரைத் தொடு! விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்து. எழும் பெட்டியில் ஃபயர்பாக்ஸின் பெயரை ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் பெரிய பி எழுத்தும் தட்டி, என்டரை அழுத்து. புரொஃபைல் மேலாளர் வரும். பழையதை அழிக்காமல் புதிதாக ஒன்றை உருவாக்கு. அதில் உலாவி திறந்தால், பழுது பழைய புரொஃபைலில்தான் என்று நீயே கண்டுபிடித்துவிட்டாய். பழைய கோப்புறையிலிருந்து புத்தகக்குறிகளை மீட்டுக்கொள்ளலாம்.

தடுமாறுவது நீ மட்டும் என்று நினைக்காதே. 2022 ஜனவரி 13 அன்று உலகெங்கும் ஃபயர்பாக்ஸ் உறைந்து நின்றது. அந்த உலாவியை எழுதியவர்களுக்கே அதிர்ச்சி! அவர்கள் "நமக்கு வராது" என்று எழுந்து போனார்களா? தடயம் பிடித்துப் போனார்கள். எச்.டி.டி.பி.-3 இணைப்பில் ஒரு தலைப்புவரியின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முடிவில்லாச் சுழற்சியைக் கிளப்பியிருந்தது. அதைக் கண்டார்கள், சரிசெய்தார்கள், நடந்ததை உலகறிய எழுதியும் வைத்தார்கள். வல்லவர்கள் தவறே வராதவர்கள் அல்லர். தவறு வந்த இடத்தைவிட்டு ஓடாதவர்கள்!

நீயும் ஓடாதே! படி. காரணத்தை ஊகி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பலனைப் பார். இந்த ஒழுங்கு உன் கைக்கு வந்துவிட்டால் இன்று உலாவி, நாளை பிரின்டர், மறுநாள் இன்னும் பெரிய சிக்கல், எதுவும் உன்னை மிரட்டாது. பக்கத்தில் ஒருவர் "எனக்கு வராது" என்று கைவிரித்தால், அவர் அருகில் உட்கார். மவுஸை நீ வாங்காதே. அவர் கையாலேயே திறக்க வை!