மான் வனத்தில் பிறந்த சங்கம்



நாள்தோறும் நாம் சங்கத்தைச் சரணடைகின்றோம். அச்சங்கம் பிறந்த இடம் யாது? காசி நகருக்கு அருகில், இசிபதனத்தில், மான்கள் அச்சமின்றி மேய்ந்த வனமே அது. அங்கேதான் பகவன் ஐவருக்கு முதல் அறவுரை அருளினார். அவ்வைவரே சங்கமாயினர்.

மான்களுக்கு அபயம் கிடைத்த வரலாற்றைச் சாதகக் கதை கூறுகின்றது. அரசனின் மடைப்பள்ளிக்கு நாளொரு மான் முறைவைத்துச் சென்றது. சூல்கொண்ட பெண்மான் ஒன்றின் முறை வந்தபோது, நிக்குரோத மான் தன் கழுத்தையே வெட்டுமரத்தில் வைத்தது. மனமுருகிய அரசன் அதற்கும் பெண்மானுக்கும் உயிர்ப்பிச்சை அளித்தான். நிக்குரோதம் அத்துடன் எழுந்திருக்கவில்லை. எல்லா மான்களுக்கும், நாற்கால் உயிர்களுக்கும், பறவைக்கும், மீனுக்கும் அபயம் பெற்ற பின்னரே எழுந்தது. தான் தப்பினால் போதுமென்பது அறமன்று.

இக்கதை நமக்குத் தொலைவிலில்லை. நம் தங்கவயலைச் சூழ்ந்த புல்வெளிகளில் வெளிமான்கள் வாழ்கின்றன. முறுக்குக் கொம்பும் கரிய மேனியும் உடையது ஆண். பழுப்பு நிறத்தது பெண். அடர்ந்த காடு அவற்றுக்கு ஆகாது. திறந்த புல்வெளியே வீடு. தாய்மான் தன் கன்றைப் புல்லில் மறைத்து வைத்துவிட்டு மேயச் செல்லும். அதை அநாதையென்று எண்ணி எடுத்து வருவதும் கேடே.

2001 பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கம் மூடப்படும் வரை, யாம் கல்லரைக்கும் மில்லில் உழைத்தோம். அந்நாளில் ஒரு மாலை, எம் லைனுக்கு மானிறைச்சி வந்தது. யாம் கொல்லவில்லை, ஆனால் உண்டோம். யார் கொன்றாரென்று கேட்கவுமில்லை. பின்னர்ச் சீலம் ஏற்றபோது, இனிக் கொல்லமாட்டோம் என்று நிறைவடைந்தோம். சென்ற ஆண்டு, சயனைடு மேட்டின் அருகே ஒரு கன்றை நாய்கள் வளைத்தன. தனியே கல்லெறிந்தோம், காக்க இயலவில்லை. கொல்லாதிருத்தல் சீலத்தின் பாதியே, காத்தலே மறுபாதி என்பதும், மறுபாதிக்கு ஒரு கை போதாதென்பதும் அன்று விளங்கின. மறுவாரமே, நம்மூரில் வனவிலங்கு காக்கும் சிறு குழுவில் உறுப்பினரானோம்.

"நம் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகையில் மானுக்கு ஒரு சங்கமா?" என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால், கேட்பாரற்றுக் கைவிடப்படுதல் எத்தகையதென்று நம்மைவிட அறிந்தவர் யார்? நம் துயருக்குச் செவிசாய்க்க உலகை அழைக்கும் நாம், வாயில்லாத உயிரின் துயருக்குச் செவியடைக்கலாமோ?

ஏழைகளால் என்ன இயலும் என்பீராயின், வேடந்தாங்கலைப் பாருங்கள். அவ்வூர்க் குடியானவர் ஏரிப் பறவைகளைச் சுட வந்தவரை எதிர்த்து முறையிட்டு, 1798 ஆம் ஆண்டிலேயே அவற்றைக் காக்கும் உரிமையை ஆட்சியாரிடம் பெற்றனர். அவர்களுக்கிருந்த வலிமை ஒற்றுமையே.

கடினமானது ஒன்றுண்டு. கண்ணி வைப்பவன் நம் உறவினனாயின் என் செய்வது? முதலில் அவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இன்சொல் கூறுங்கள். அவனுக்கு உணவில்லையேல் பகிர்ந்தளியுங்கள். வெளிமானைக் கொல்வோர்க்கு 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை விதிக்கின்றது என்பதையும் உணர்த்துங்கள். கேளானாயின் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். உறவுக்காக வாய்மூடிய எமது பழைய பிழை உங்களுக்கு வேண்டா.

ஆதலின், இல்லத்திற்கு ஒருவராவது இப்பணியில் சேருங்கள். கண்ணிக் கம்பிகளை அகற்றுங்கள். கோடையில் புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தடுங்கள். பிள்ளைகளை அழைத்துச் சென்று தொலைவில் நின்று மானைக் காட்டுங்கள். மான் வனத்தில் பிறந்த சங்கத்தைச் சரணடைந்த நாம், மானுக்குச் சரணாவோமாக.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க! நமோ புத்தாய.