சருகுக்கு ஏது தீட்டு?

ஒரு வீடு லட்சுமி கடாட்சத்தோடு இருக்கிறது என்று நம் ஊரில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வாசலிலும் கொல்லையிலும் ஒரு சருகுகூடக் கிடக்கக் கூடாது. விடிவதற்குள் மாமரத்தடியை ஈர்க்குமாற்றின் கோடு தெரியப் பெருக்கி, குவித்து, மதிலோரம் தீ வைத்தாக வேண்டும். அந்த வாரமே அதே வீட்டுக்காரர் நர்சரிக்குப் போய் மண்புழு உரம் ஒரு மூட்டை வாங்கி வருகிறார். அது எதிலிருந்து ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். ‘இலை தழையும் சாணியும்தான்’ என்று சரியாகவே சொல்வார். தெரிந்துகொண்டே எரிக்கிறார் என்பதால் இதை அறியாமைக் கணக்கில் எழுத முடியவில்லை. இது நம்பிக்கை.

மரம் வேரால் உறிஞ்சி மேலே ஏற்றிய தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்பு எல்லாவற்றிலும் ஒரு பங்கு உதிர்ந்த இலையில் இருக்கிறது. மக்கினால் அது வேருக்கே திரும்பும். எரித்தால் கரிமமும் தழைச்சத்தும் பெரும்பகுதி காற்றோடு போகும். கூடவே கார்பன் மோனாக்சைடு, நுரையீரலின் அடிவரை இறங்கும் நுண்துகள், பென்சோபைரீன் என்ற புற்றுநோய்ப் பொருள். இந்தப் புகையை முதலில் குடிப்பது வீட்டுக்காரர் அல்ல. பெருக்க வரும் அம்மாவும், அடுத்த வீட்டில் இழுப்போடு கிடக்கும் குழந்தையும்தான்.

கத்திரி வெயிலில் பெருக்கிய தரை நடுப்பகலில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் சுடும். மாவோ கொய்யாவோ எலுமிச்சையோ, உணவு தேடும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் ஒரு முழ ஆழத்துக்குள்தான் பரவியிருக்கின்றன. செருப்பில்லாமல் நாம் ஒரு நிமிடம் நிற்க முடியாத தரைக்கு அடியில் அவை கோடை முழுவதும் கிடக்க வேண்டும். அதே தரையில் நான்கு விரற்கடைக்குச் சருகு கிடந்தால் வெயில் மண்ணைத் தொடாது. ஊற்றிய நீர் ஆவியாகப் போவது குறையும், களைவிதைக்கு வெளிச்சம் கிட்டாது, அடித்துப் பெய்யும் மழை மண்ணை இறுக்கிவிடாது. மூடாக்கு என்பது இவ்வளவுதான். படிப்பும் வேண்டாம், பணமும் வேண்டாம். அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, கிளைகள் விரிந்திருக்கும் விளிம்புவரை பரப்ப வேண்டும். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை ஓயாத ஈரத்தில் அழுகும். கத்தரி, தக்காளிப் பாத்திக்கு வைக்கோல் போதும். தென்னைக்குத் தேங்காய் மட்டையே கிடக்கிறது. மரத்தூளில் மட்டும் கவனம் வேண்டும். அதை மண்ணோடு சேர்த்துக் கொத்திவிட்டால், மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டு செடியை மஞ்சளாக்கிவிடும்.

படைப்புக் கதையை ஆட்டங்காணச் செய்த சார்லஸ் டார்வினின் கடைசி அறிவியல் புத்தகம் எதைப் பற்றியது? பலர் குரங்கு என்பார்கள். 1881இல் வந்த அந்தப் புத்தகம் மண்புழுவைப் பற்றியது. புழுக்களைத் தொட்டியில் போட்டு வீட்டுக்குள் வைத்து இரவில் கவனித்தார். அவற்றுக்குக் காது கேட்குமா என்று பார்க்கப் பியானோ வாசிக்கவும் பசூன் ஊதவும் ஏற்பாடு செய்தார். புழுக்கள் சட்டை செய்யவில்லை. ஆனால் கீழே கிடந்த இலையை எந்த முனையில் பிடித்தால் வளைக்குள் எளிதாக இழுக்கலாம் என்று பார்த்து இழுத்தன. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டில் பத்து டன்னுக்கு மேல் மண் மண்புழுவின் உடல் வழியாகப் புகுந்து மேலே வருகிறது என்று கணக்கிட்டார். அந்த உழவர்களின் தீனியைத்தான் நாம் மதிலோரம் கொளுத்துகிறோம்.

ஏன் கொளுத்துகிறோம்? உதிர்ந்தது, செத்தது, மக்குவது எல்லாம் அசுத்தம் என்று ஒரு பட்டியல் பரம்பரையாக நம் கையில் திணிக்கப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர்கள் மண்ணில் கைவைத்தவர்கள் இல்லை. மனிதரையே தொட்டால் தீட்டு, எதிரே வந்தால் தீட்டு என்று பிரித்த புத்தி சருகை மட்டும் விட்டுவைக்குமா? அழுகியதையும் மக்கியதையும் அள்ளும் வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டியது. அள்ளியதற்காக அவர்களையே ஒதுக்கியும் வைத்தது. கொல்லையைப் பெருக்க வருபவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அந்த வீட்டு மாம்பழம் யார் கை பட்ட எருவில் பழுத்தது என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. பழத்துக்குத் தீட்டில்லை போலும்.

அடுத்த தீட்டு வீட்டுப் பெண்ணுக்கு. மாதவிலக்கு நாளில் அவள் தொட்டால் கறிவேப்பிலை பட்டுப்போகும், துளசி கருகும். இதை நம் பாட்டிகள் மட்டும் சொல்லவில்லை. வியன்னாவில் பேலா ஷிக் என்ற பெயர்பெற்ற குழந்தை மருத்துவர், பணிப்பெண் ஒருவர் அந்த நாளில் தொட்ட பூக்கள் வாடியதைப் பார்த்துவிட்டு, பெண்ணுடம்பிலிருந்து ஒரு நஞ்சு கசிகிறது என்று 1920இல் எழுதினார். அதற்கு ஒரு பெயரும் வைத்தார். மற்றவர்களும் அதன் பின்னால் பல ஆண்டுகள் ஓடினார்கள். அப்படி ஒரு நஞ்சு இருப்பது நிரூபிக்கப்படவே இல்லை. வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னாலும் மூடநம்பிக்கை மூடநம்பிக்கைதான். உங்கள் வீட்டுக் கறிவேப்பிலை பட்டுப்போனால் அடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். முழங்கால் உயரச் செடியைத் தினமும் சாம்பாருக்கு உருவி மொட்டையடிக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

காய்க்காத மரத்தின் பாடு இன்னும் மோசம். பிள்ளை பெறாத பெண்ணை ஏசுவதுபோல் அதை ஏசி, துடைப்பத்தால் அடித்து, ‘அடுத்த வருஷமும் காய்க்கலேன்னா வெட்டிப் போட்டுருவேன்’ என்று அரிவாளால் நாலு கொத்து கொத்துகிறவர்கள் உண்டு. சில சமயம் அடுத்த பருவத்தில் காய்த்தும் விடும். மரம் பயந்துவிட்டதாம்! பட்டையில் வெட்டு விழுந்தால் இலை தயாரித்த உணவு வேருக்கு இறங்காமல் மேலேயே தேங்கும். அது பூப்பைத் தூண்டக்கூடும். கொய்யா புதுத்தளிரில் பூப்பது, அதனால் கிளையை வெட்டினால் காய்க்கும். அதற்குக் கவாத்து என்று பெயர், மிரட்டல் என்றல்ல. மாமரம் நன்றாகப் பூக்க, பூக்கும் பருவத்துக்கு முந்தைய இரண்டு மாதமாவது தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகும் பிரியமாகத் தினமும் ஊற்றிவிட்டு, தை பிறந்தும் பூவில்லையே, எவன் கண் பட்டதோ என்று பூசணிக்காய் கட்டுகிறோம்.

சருகை எரிக்காதே என்று உரக்கச் சொல்கிற கூட்டம் ஒன்று இப்போது வளர்ந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே நாட்டுப்பசு, பிரபஞ்ச சக்தி என்று பூசை தொடங்கிவிடுகிறது. செலவில்லா இயற்கை வேளாண்மையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் மூடாக்கைத் தம் முறையின் தூண்களில் ஒன்றாக வைத்தது நல்ல காரியம். ஒரு நாட்டுப்பசு 30 ஏக்கருக்குப் போதும் என்றும் அவர் சொன்னார். 2019இல் தேசிய வேளாண் அறிவியல் கழகம் அந்த முறை நிரூபிக்கப்படாதது என்று கூறியது. சான்று கேட்பவரை இயற்கையின் எதிரி என்று ஏசுவது சான்றாகிவிடாது. சாணம் நல்ல எரு. எந்தக் குலத்து மாடு போட்டது என்று ஜாதகம் பார்க்க நுண்ணுயிருக்கு நேரமில்லை.

ஜப்பானின் மசானபு ஃபுகுவோகா இவர்களைவிட நேர்மையானவர். எதுவும் செய்யாத வேளாண்மைக்காக உலகம் கொண்டாடும் அவர், தந்தையின் ஆரஞ்சுத் தோப்பைக் கவாத்து செய்யாமல் இயற்கையிடமே விட்டுப் பார்த்தார். கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சி விழுந்தது, மரங்கள் செத்தன. கைவிடுவது வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்று அங்கேதான் கற்றார். மறைக்காமல் எழுதியும் வைத்தார். அவருடைய வாசகங்களைச் சுவரில் ஒட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் ஒட்டக் காணோம்.

பாம்பு வருமே என்பீர்கள். நியாயமான அச்சம். பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடி வருகிறது; எலி சிந்திய சோற்றையும், விறகு, செங்கல் அடுக்கின் இடுக்கையும் தேடி வருகிறது. சருகைக் குவிக்காமல் மரத்தடியில் பரப்புங்கள். நடக்கும் வழியையும் வாசற்படியையும் வெறுமையாக விடுங்கள். இருட்டில் கையை விடாதீர்கள். காய்ந்தே கிடக்கும் மூடாக்கில் கரையான் ஏறும். கிளறாமல் விட்ட சாணிக்குழியிலும் மக்கும் குவியலிலும் தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். மூடாக்கும் கும்பிடுவதற்கான சாமி இல்லை.

நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஒரே வயதில் இரண்டு கொய்யா இருந்தால் ஒன்றுக்கு மூடாக்கு போடுங்கள், மற்றதை வழக்கம்போல் பெருக்குங்கள், தண்ணீரை ஒரே அளவாக ஊற்றுங்கள். சித்திரையில் இரண்டின் அடியிலும் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு மரம் சாட்சிக்குப் போதாது என்று தோன்றினால் இன்னும் சரி. பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெருவிலும் பொது இடத்திலும் கழிவை எரிக்கக் கூடாது என்றன. அந்த டிசம்பரிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதம் குறித்தது. வந்து வசூலிக்க யாரும் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே இது உங்கள் மனசாட்சியின் பொறுப்பு. நாளைக் காலை பெருக்க வருபவர் கையில் தீப்பெட்டியைக் கொடுக்காதீர்கள். கூலியில் கைவைக்காமல், சருகை மரத்தடிக்கே தள்ளிவிடச் சொல்லுங்கள். அந்தத் தனி டம்ளரையும் அன்றைக்கே ஒழித்துவிடுங்கள்.