தும்பி ஏமாந்த இடம்



கோடை விழா பார்க்க ஏற்காடு வந்த யாரோ ஒருவருடைய கறுப்புக் கார், நாகலூரில் நம்ம ஜெப வீட்டு முன்னால் நின்றது. ஒரு தும்பி அந்த பானட்டின் மேல் வாலை முக்கி முக்கி எடுத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம்தான் விளங்கியது, அது முட்டையிடுகிறது! குளம் என்று நினைத்து, சுடுகிற தகரத்தில்.

தும்பிக்குத் தண்ணீரை அடையாளம் காட்டுவது அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம். கறுப்புப் பெயிண்டும் வெளிச்சத்தை அதே மாதிரி திருப்புகிறது, சில வேளை தண்ணீரைவிடத் தூக்கலாகவே. ஹங்கேரி தேசத்தில் நீர்ப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாய்த் தார்ரோட்டில் முட்டையிடுவதை ஆராய்ந்து 1998-ல் எழுதினார்கள். அந்த முட்டை ஒன்றும் பிழைக்காது.

மனுஷன் மட்டும் என்ன? பளபளப்பின் மேல் நமக்குள்ள ஆசை தண்ணீர்த் தாகத்தோடு ஒட்டியது என்று 2014-ல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. தாகமாயிருந்தவர்களுக்குப் பளபளப்பான தாளில் அச்சிட்ட படமே அதிகமாய்ப் பிடித்ததாம். ஆகவே கண் அந்தப் பக்கம் போவதையே நான் பாவம் என்று சொல்லமாட்டேன். தாகத்தை வைத்தவர் தேவன்.

ஆனால் யோசுவா 7-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ஆகான் எடுத்தது ஒரு பாபிலோனியச் சால்வை, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் எடையில் ஒரு பொன்பாளம். கூடாரத்துக்குள் குழி தோண்டிப் புதைத்தான். ஆகோர் பள்ளத்தாக்குக்கு அவனை மட்டுமா கொண்டுபோனார்கள்? அவன் குமாரரையும் குமாரத்திகளையும் சேர்த்தல்லவா!

நாம நகையைக் கழற்றின ஜனம்தான். இருந்தும் நம் சபையிலே ஒரு வீட்டில் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்ட சவரனுக்காக, மிளகுக் கொடி ஏறின நிலத்தை அடகு வைத்தார்கள். தாயார் மூன்று வாரமாய் ஆராதனைக்கு வரவில்லை. போய் விசாரித்தபோது, "வட்டி கட்டணும் பாஸ்டர், ஞாயித்துக்கிழமையும் கூலிக்குப் போறேன்" என்றார்கள். அந்த நிச்சய ஜெபத்தை நடத்தினவன் நான். சவரன் பேசினபோது பக்கத்திலே உட்கார்ந்து காப்பி குடித்தேன். 1961-லேயே சட்டம் தடுத்ததை, ஊழியக்காரன் நான் தடுக்கவில்லை.

தகப்பனே, மன்னியும்.

இனி கல்யாணம் பேசுகிற விசுவாசிகள் முதலில் என்னிடம் வாங்க. சவரன் பேச்சு இருக்கிற வீட்டுக்கு நிச்சய ஜெபத்துக்கு நான் வரமாட்டேன். அந்தத் தாயாரின் வட்டிக்காக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் காணிக்கை எடுக்கிறோம். முதல் காணிக்கை என்னுடையது.